திருவுளச்சீட்டுக்கு இங்கிலிஷில் என்ன?

ஜனவரி 31, சனி

யசோதரன் சேரின் இங்கிலிஷ் வகுப்பில் இன்றைக்கு, யோசிக்காமல் திட்டமில்லாமல் நடக்கிற காரியங்களுக்கான சொற்கள். இந்த வெள்ளைக்காரருக்கு இதற்கு எத்தனை சொல்! ஹப்ஹஸார்ட் என்றால் கண்டபாட்டுக்குச் செய்வது. ஸ்லப்டாஷ், அவசரத்தில் அரைகுறையாகச் செய்வது. நாங்கள் சமைக்கிற குசினிக்குப் பெயின்ற் அடித்தவனின் வேலை. றண்டம், எது வேண்டுமென்றாலும் வரலாம். ஆபிட்ரரி, அதிகாரம் உள்ளவர் காரணம் சொல்லாமல் முடிவெடுப்பது.

"றண்டத்துக்குப் பின்னால ஆள் இல்லை. ஆபிட்ரரிக்குப் பின்னால ஆள் இருக்கு. சோதினையில மாத்தி எழுதிப்போடாதேங்கோ" என்றார் சேர்.

ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம் எழுதிவர வேண்டுமாம். என் வாழ்க்கையிலிருந்தா? ஒரு கொப்பி காணாது.

பெப்ரவரி 1, ஞாயிறு

றண்டத்துக்கு வசனம் எழுதியாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தி அப்பா கடல் தொழிலால் வந்து கரையில் விழுந்தார். அதோடு வலது கையும் காலும் வழங்கவில்லை. அந்த மாதமே கனடாவிலிருந்து மாமா, முதியோர் இல்லத்து வேலைக்கு ஒரு பிள்ளையை எடுக்கலாம் என்றார். வீட்டில் நானும் தங்கச்சி மதுஷிகாவும். ஒருத்தி போகலாம், ஒருத்தி அப்பாவோடு நிற்க வேண்டும். அம்மா அந்தோனியார் படத்துக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டா. ஒரு துண்டில் ‘போ’, மற்றதில் ‘நில்’. மூத்தவள் என்று என்னை எடுக்கச் சொன்னா.

நில்.

மற்றத் துண்டை ஒருவரும் பிரிக்கவில்லை. பிரித்தால் ஆண்டவரைச் சந்தேகப்பட்ட மாதிரியாம். மதுஷிகா போய்விட்டாள்.

இது றண்டம் இல்லாமல் வேறென்ன. ஆரிலும் கோபிக்க ஏலாது, அதுதான் இதில் உள்ள கரைச்சல். மூன்று வருடமாகக் கோபிக்க ஒரு ஆளைத் தேடுகிறேன்.

பெப்ரவரி 5, வியாழன்

அப்பாவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, கதிரையில் இருத்தப் பத்தரை. பிறகு வீடு கூட்டினேன். காற்றுக்கு மணல் திரும்பவும் உள்ளே வந்தது. திரும்பவும் கூட்டினேன். முப்பத்திரண்டு வயது.

பெப்ரவரி 8, ஞாயிறு

மதுஷிகா கனடாவிலிருந்து போன் எடுத்தாள். "அக்கா, எங்கட இடத்தில இன்னும் ஆக்கள் எடுக்கினம். நீ இங்கிலிஷ் சோதினை பாஸ் பண்ணினாக் காணும், மிச்சத்தை நான் பார்க்கிறன்." சோதினை மார்ச் 14, கொழும்பில்.

அம்மாவிடம் சொன்னேன். அவ மீன் கழுவிக்கொண்டிருந்தா. கழுவின மீனையே திரும்பக் கழுவினா. பிறகு, "விபூதிப் புதனுக்குத் திருவுளச்சீட்டுப் போடுவம். ஆண்டவர் விட்ட வழி" என்றா.

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பெப்ரவரி 9

திரும்பவும் ‘நில்’ வந்தால்?

பெப்ரவரி 14, சனி

வகுப்புக்குப் போகவில்லை.

விபூதிப் புதன் சாம்பலுக்கு எரிக்க, போன வருடத்துக் குருத்தோலைகளைக் கோயிலில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஓலை அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். ஒவ்வொரு வருடமும் அம்மாதான் எடுப்பா. இந்த முறை அவவுக்குத் தோள் நோ, சந்தைக்கும் போய்விட்டா. நானே படத்தைக் கழற்றினேன். பின்மட்டை இளகியிருந்தது. அதற்குள் மடித்தபடி ஒரு துண்டு. அம்மாவின் எழுத்து.

நில்.

நான் எடுத்த துண்டு என் பைபிளுக்குள் இருக்கிறது. அதுவும் நில். அப்போ இது நான் எடுக்காத துண்டு. இரண்டிலும் ஒரே சொல்தான் எழுதியிருக்கிறா. எதை எடுத்தாலும் நான்தான் நிற்பேன்.

ஏன் எரிக்காமல் வைத்திருந்தா? எனக்குத் தெரியும். செபம் சொல்லி வைத்த காகிதத்தை எறியக்கூடாது, எரிக்கக்கூடாது. பாவமாம். அதுக்கு மட்டும் பயம். பெத்த பிள்ளையை ஏமாத்தலாம்.

அப்பா கூப்பிட்டார், முதுகு கடிக்கிறதென்று. போய்ச் சொறிந்துவிட்டேன். வேறென்ன செய்ய.

பெப்ரவரி 15, ஞாயிறு

பூசையில் அம்மா எழும்பிப் போய் நற்கருணை வாங்கினா. நான் எழும்பவில்லை.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

பின்னேரம் செபம் முடிய அம்மா சின்னக் கோப்பை ஒன்றில் இரண்டு துண்டு கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தா. அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மூன்று பேருக்கும் சாம்பல்.

"எடு பிள்ளை."

"இந்த முறை நீங்கள் எடுங்கோ அம்மா."

"நானெதுக்கு? போறது நீயெல்லோ."

"எடுக்கிற ஆளுக்குத்தானே அது. ‘நில்’ வந்தா நீங்கள் அப்பாவோட நில்லுங்கோ."

அம்மாவின் கை வரவில்லை. கோப்பையைப் பார்த்தபடி நின்றா. இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறதென்று பிரிக்காமலே எனக்கு விளங்கிவிட்டது. பழைய துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முந்தி வந்ததென்று தெரியாது.

அம்மா மறுக்கவில்லை. "அப்ப நாற்பது நாள் யோசிச்சனான். மதுஷிகா அப்பாவைத் தொட்டுத் துடைப்பாளோ? நீ துடைப்பாய். முகஞ்சுளிக்காமல் துடைப்பாய். அதுதான்" என்றா.

நல்லபிள்ளை என்பதற்காக மறியல் தண்டனை.

"நான் சோதினைக்குப் போறன்" என்றேன். அம்மா குசினிக்குள் போய்விட்டா. அப்பா மட்டும், சொல் சொல்லாக இழுத்து, "பஸ்... எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

பெப்ரவரி 21, சனி

கொப்பியில் றண்டத்துக்கு எழுதின வசனத்தை வெட்டினேன். நன்றாக யோசித்து, ஆள் பார்த்து எடுத்த முடிவுக்கு என்ன சொல் என்று சேரிடம் கேட்டேன். "அது இந்தப் பட்டியலில வராது" என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

அம்மா என்னோடு கதைப்பதில்லை. சோறு போட்டு மூடி வைக்கிறா. படிக்க இருந்தால், நான் போனபின் அப்பாவின் முதுகில் புண் வருவதுதான் கண்ணுக்குள் வருகிறது. துண்டுகூட வேண்டாம். என்னைக் கட்டிவைக்க நானே காணும்.

மார்ச் 12, வியாழன்

பையை அடுக்கினேன். இரண்டு தரம் அவிழ்த்தேன்.

மார்ச் 14, சனி, கொழும்பு

சோதினை முடிந்தது. நேற்று பஸ் முருங்கன் ஊரைத் தாண்டும்வரை இறங்கித் திரும்பிவிடுவேன் என்றே நினைத்தேன். இறங்கவில்லை. பேச்சுச் சோதினை எடுத்த மிஸ் கேட்டது எனக்குப் பிடித்த சாப்பாட்டைப் பற்றி. சேரின் சொற்களில் ஒன்றும் தேவைப்படவில்லை. பரவாயில்லாமல் கதைத்தேன்.

கன்னியர் மடத்து விடுதிக்கு வந்து படுத்திருக்க போன் அடித்தது. அம்மா. மூன்று கிழமைக்குப் பிறகு அவவின் குரல். சோதினையைப் பற்றிக் கேட்கவில்லை.

"பிள்ளை, அப்பாவைத் திருப்பேக்குள்ள முதலில எதில பிடிக்கிறனி?"

"வழங்காத பக்கத்துத் தோளில அம்மா. பிறகு இடுப்பில."

"பொறு" என்று போனைக் கட்டிலில் வைத்தா. கட்டில் கிரீச்சிட்டது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அப்பா ஏதோ சொன்னார். நான் போனை வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.