வலம்புரிக்கு வந்த கூட்டம்

1949 ஜனவரி 18, செவ்வாய்

இன்று வந்தவர்கள் நான்கு பேர். ஒருவர் தபால்காரர். இன்னொருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர். மீதி இரண்டு பேரும் வாசலில் நின்று, "இதுதான் செத்த காலேஜா?" என்று கேட்டார்கள். மதராஸ் போய் வந்தவர்களாக இருக்கும். அங்கே மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். ஆமாம் என்று சொல்லிக் கூட்டிப் போனேன். வேறென்ன சொல்ல?

பதினெட்டு வருஷம் சயன்ஸ் டீச்சராக இருந்துவிட்டு, வேலையை விட்டு இந்தத் தூத்துக்குடி மியூசியத்துக்கு வந்தேன். நாசரேத்தில் அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கிளிஞ்சலுக்குக் காவல் இருக்கவா கிளாடிஸ் பி.ஏ. படித்தாய் என்று. நாலு பேர் வந்த கணக்கை அவளுக்கு எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 9

கொற்கைக் கண்காட்சி தொடங்கினோம். உழும்போது கிடைத்த பானை ஓடுகள், சங்கு அறுத்த துண்டுகள், ஒரு முதுமக்கள் தாழியின் பாதி. காவலர் இசக்கியப்பன் தாழியைத் தூக்கி வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்தவங்க வீட்டுச் சாமானைக் கொண்டாந்து நடுக்கூடத்துல வைக்கிறோமே என்று நாள் முழுக்க முணுமுணுப்பு. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் நான் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டார்.

வந்தவர்கள் ஏழு.

ஏப்ரல் 22

உப்புக் கண்காட்சி கரைந்து ஓடிவிட்டது. நிஜமாகவே. வேம்பார் உப்பு, முள்ளக்காட்டு உப்பு என்று தட்டுத் தட்டாக அடுக்கி அட்டை எழுதி வைத்தேன். கடற்காற்று பட்டு எல்லாம் நீர்விட்டு அட்டை மை வரை கலங்கிப்போச்சு. உப்பு ஊரிலேயே பிழைக்கிறவளுக்கு இது தெரிய வேண்டாமா? இசக்கியப்பன் துடைத்துக்கொண்டே சிரித்தார். கோபம் வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மே 15, ஞாயிறு

இந்த வருஷத்தின் நல்ல நாள். சங்கு குளிக்கிற வளன் தன் அப்பா கடலில் முங்கிய கல்லைத் தோளில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தார். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கல்லில் கால் வைத்துத்தான் அவர் அப்பா கடைசி வரை அடியில் இறங்கினாராம். கயிறு கோத்த ஓட்டை வழவழவென்று தேய்ந்திருக்கிறது. தெற்குச் சுவர் ஓரமாக வைத்தோம். வளன் போகும்போது கல்லைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஜூன் 6

கமிட்டிக் கூட்டம். கட்டடம் தாணுலிங்கம் அண்ணாச்சியின் பஞ்சுக் கிட்டங்கி. ஒரு வருஷம் சும்மா விட்டுக் கொடுத்திருக்கிறார். இன்று பக்குவமாகச் சொல்லிவிட்டார்: டிசம்பருக்குள் ஊர் ஜனம் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்றால், தை முதல் வெங்காயம் போட இடம் வேண்டும். அதில் தப்பில்லை. நாளுக்கு ஐந்து பேர் பார்க்க ஒரு கிட்டங்கி எதற்கு?

ஆனால் எழுந்து வரும்போது அவரே ஒரு வழியும் சொன்னார். அவர் கடைக் கல்லாப்பெட்டி மேல் இருக்கிற வலம்புரிச் சங்கை இரவல் தருவாராம். லட்சம் சங்கில் ஒன்று வலப்பக்கம் சுழித்திருக்கும். இந்த ஊரில் எல்லாரும் கேள்விப்பட்டது, பார்த்தவர்கள் கொஞ்சம்.

ஜூன் 20

சங்கு வந்தது. வெள்ளை வெளேரென்று என்ன அழகு! அண்ணாச்சி கொடுத்தனுப்பிய சிவப்புப் பட்டை விரித்து, கிழக்குப் பார்த்து வைத்தேன். கூடம் ஒரே இருட்டு, கரண்டு இன்னும் இழுத்தபாடில்லை. சுழி எந்தப் பக்கம் என்று தெரியவே வெளிச்சம் வேண்டும். லாந்தர் புகை அடிக்கும். அதனால் ஒரு குத்துவிளக்கு வாங்கி ஏற்றி முன்னால் வைத்தேன்.

அழகாக இருந்தது. எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. வீட்டில் விளக்குப் பூஜை பார்த்து வளர்ந்திருந்தால் வேறேதாவது தோன்றியிருக்கும்.

ஜூன் 24, வெள்ளி

நூற்று அறுபத்தி மூன்று பேர்!

ஜூலை 15, வெள்ளி

நானூற்றைத் தாண்டியது. ஏரலில் இருந்து ஒரு வண்டி நிறையப் பெண்கள். எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். சங்கின் முன்னால் நின்று கும்பிட்டு, சுற்றிவந்து, போய்விடுகிறார்கள். கொற்கை ஓடுகளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டின்மேல் குங்குமம், கதம்பம். இசக்கியப்பன் குளித்து நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு வருகிறார். திரி தூண்டுவதும் அவர்தான். கூனிப் போனவர் போல இருந்த மனுஷன் இப்போது நிமிர்ந்து நடக்கிறார்.

கூட்டம் வேண்டும் என்றுதானே கேட்டாய் கிளாடிஸ்? வந்திருக்கிறது. என்ன குறை இப்போது?

ஆகஸ்ட் 12, வெள்ளி

எழுநூறு. கமிட்டியில் கைதட்டினார்கள். நானும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

காயல்பட்டினம் மூஸா காக்கா இன்று வந்தார். பாய்மரக் கப்பலில் கொழும்புக்கும் மலையாளக் கரைக்கும் போய்வந்தவர். தன் திசைகாட்டியைக் காட்சிக்குத் தருவதாக மாசியிலேயே சொல்லியிருந்தார், துணியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாசல்படியில் நின்றார். உள்ளே சூடம் எரிகிறது, மணிகூட யாரோ கட்டிவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குத்தமா சொல்லலம்மா," என்றார். "எங்க வீட்டுப் பொம்பளையளையும் ஒரு நாள் கூட்டியாந்து காட்டணும்னு இருந்தேன். இது மியூசியம்னுல்ல நெனச்சேன்."

துணியை மறுபடி சுற்றிக்கொண்டு போனார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 29

சங்கை எடுத்துவிடலாமா? எடுத்தால் கூட்டம் போகும், கூட்டம் போனால் கட்டடம் போகும். அதோடு, எடுத்தது யார் என்றும் கேட்பார்கள். வேதக்காரி, கிறிஸ்தவப் பொம்பளை எடுத்துவிட்டாள் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயப்படுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மணியை மட்டும் அவிழ்த்துவிட்டேன்.

செப்டம்பர் 16, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும்.

சாயங்காலம் வளன் வந்தார், கூட ஒரு சொந்தக்காரர், அப்பா கல்லைக் காட்ட. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெற்குச் சுவர்ப் பக்கம் போனார்கள். கல் முழுக்கத் தேங்காய்த் தண்ணீர். ஓட்டைக்குள் ஒரு சில்லு மாட்டியிருக்கிறது. பக்கத்தில் உடைந்த சிரட்டை. நேர்த்திக்குத் தேங்காய் கொண்டுவருகிறவர்களுக்கு இசக்கியப்பன் இதில்தான் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை வெள்ளிக்கிழமையாக? நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தை எண்ணிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், எப்படிப் பார்ப்பேன்?

வளன் வேட்டி நுனியால் துடைத்தார். "தேங்கா ஒடைக்கதுக்குத்தான்னா, ஊர்ல கல்லுக்கா பஞ்சம் டீச்சர்?" என்றார். சத்தமே போடவில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

இசக்கியப்பனுக்கு முகம் செத்துப்போச்சு. வெறும் கல்லுன்னுல்லா நெனச்சேன், வெறும் கல்லுன்னுல்லா நெனச்சேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை என்ன சொல்ல? கல்லுக்கு ஓரமும் சங்குக்குப் பட்டும் விளக்கும் வைத்தது நான்தானே.

செப்டம்பர் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே வளன் வீட்டுக்குப் போனேன். கல் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி அல்போன்சா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வளனுக்கு என்மேல் கோபம் இல்லையாம். ஆனால் கல் வராது என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20

அண்ணாச்சியின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இது ஆயிரம் பேர் வந்த மியூசியம் இல்லை, ஆயிரம் பேர் வந்த சங்கு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, தானே சொல்ல நினைத்திருந்த யோசனை ஒன்று உண்டு என்றார். சங்குக்குப் பளிங்கு மேடை கட்டித் தருவாராம். கிட்டங்கியை நிரந்தரமாக எழுதிக் கொடுப்பாராம். என் ஓடு, கிளிஞ்சல் எல்லாம் பின்பக்க அறையில் பத்திரமாக இருக்கலாமாம்.

நிரந்தரமாக. அந்த வார்த்தையை எத்தனை மாதமாகக் கேட்கக் காத்திருந்தேன்! ஒரு நிமிஷம், ஒரு முழு நிமிஷம், சரி என்று சொல்லிவிடத்தான் இருந்தேன்.

பிறகு வேண்டாம் என்றேன். மூஸா காக்கா உள்ளே வர முடியாத இடம் எனக்கு வேண்டாம், அது கோவில் என்றால் கோவிலாகவே இருக்கட்டும், நான் அதற்கு ஆள் இல்லை, சங்கைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன்.

"அப்போ தையில வெங்காயந்தான் டீச்சர்," என்றார். "சொன்ன சொல்லுல்லா."

செப்டம்பர் 21

இசக்கியப்பன் சங்கைத் தொட மறுத்துவிட்டார். கும்பிட்ட சாமியைக் கிளப்பிக் கொண்டுபோற பாவம் தனக்கு வேண்டாமாம். கண் கலங்கியிருந்தது. அதனால் நானே எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

படியிறங்கிச் செருப்பைப் போடப் போனவள் நின்றேன். எனக்கு அது சங்கு. வழியில் பார்க்கிறவர்களுக்கு அது சங்கு மட்டும் இல்லை. செருப்புக் காலோடு இதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? விட்டுவிட்டு நடந்தேன். பகல் பன்னிரண்டு மணி, தூத்துக்குடி வெயில். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒரு அம்மாள் என் முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எங்கள் சர்ச் ஐயர் சைக்கிளில் எதிரே வந்தார், இறங்கினார், ஒன்றும் கேட்காமல் மறுபடி ஏறிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கேட்பார்.

அண்ணாச்சி இரண்டு கையாலும் சங்கை வாங்கிக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். திரும்பி என் காலைப் பார்த்தார். பெஞ்சில் உட்காரச் சொல்லித் தண்ணீர் வரவழைத்தார். வண்டியில வந்திருக்கலாம்லா டீச்சர் என்று மெதுவாகச் சொன்னார். கட்டடத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

பாதத்தில் கொப்புளம். அழுதேன். வலிக்காக அல்ல. ஏன் என்றும் சரியாகத் தெரியவில்லை.

அக்டோபர் 5

ஆறு பேர். இசக்கியப்பன் வேலைக்கு வரவில்லை, இரண்டு வாரமாக. நானே பெருக்கிக் கதவைப் பூட்டுகிறேன்.

அக்டோபர் 30

வேதக்காரிதான் எடுத்துவிட்டாளாம், ரேஷன் கடை வரிசையில் காதால் கேட்டேன். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் மண்ணெண்ணெய் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 20, ஞாயிறு

வளன் வீடு தேடி வந்தார். கரையில் அவர்கள் தோணிப் பாய் சுருட்டி வைக்கிற கொட்டகை ஒன்று இருக்கிறதாம், ஓலைக் கூரை, பாதி இப்போது காலி. சங்கு குளிக்கிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, டீச்சருக்குக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்றாம். மழை ஒழுகும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

ஏன் என்று கேட்டேன். "நீங்க அன்னைக்கு நடந்து போனதப் பாத்தோம்," என்றார்.

டிசம்பர் 5

சாமான் மாற்றம். வண்டியும் மாடும் தாணுலிங்கம் அண்ணாச்சி அனுப்பியது. கேட்காமலே அனுப்பினார். முதல் நடைக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது இசக்கியப்பன் வந்து நின்றார். முதுமக்கள் தாழியை நான் கஷ்டப்பட்டு நகர்த்துவதைப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கோபமில்லையா என்று கேட்டுவைத்தேன்.

"சாமி அண்ணாச்சி கடையில இருக்கு. போயிக் கும்பிட்டுக்கிடுதேன்," என்றார். "வேலை இங்கனதான இருக்கு."

மூன்று நடைக்கும் கூடவே நடந்தார். கொட்டகையில் கல் எனக்கு முன்பே வந்து நடுவில் உட்கார்ந்திருந்தது. இசக்கியப்பன் அதைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார், யாரும் தொடாதபடி.

டிசம்பர் 11

கூரை ஒழுகுகிறது. வளன் பொய் சொல்லவில்லை. கொற்கை ஓடுகளுக்கு ஒன்றும் ஆகாது, இரண்டாயிரம் வருஷம் மண்ணில் கிடந்தவை. மூஸா காக்கா பேரன் மூலம் திசைகாட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் வீட்டோடு வருவாராம்.

டிசம்பர் 18, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து கரைக்கு வந்த ஜனம் அப்படியே கொட்டகைக்குள் நுழைந்தது. காயலில் இருந்து மூஸா காக்காவும் அவர் வீட்டுப் பெண்களும். நான் வழக்கம்போல் கல் பக்கத்தில் நின்று விளக்கினேன்: இதில் கால் வைத்து இறங்குவார்கள், அடியில் மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பார்கள், தோணியில் இருக்கிறவர் இழுத்து மேலே எடுப்பார். மூஸா காக்காவின் மருமகள் ராஹிலா, அந்தக் கயிற்றை யார் பிடிப்பார்கள் என்று கேட்டாள். நான் அட்டையைப் பார்த்து, ஓர் உதவியாள், என்றேன்.

"உதவியாளா?"

வாசல் பக்கமிருந்து குரல். அல்போன்சா. என்னிடம் இதுவரை நாலு வார்த்தை பேசாதவள்.

"எங்க வீட்டுக்காரவ கயத்தப் புடிக்கது எங்கண்ணன் டீச்சர். எங்கள்ல பொண்ணு பாக்க வந்தா, கூடப் பொறந்தவன் இருக்கானான்னுதான் மொதல்ல கேப்பாவ. பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையிலதான் கயத்தக் குடுப்பாவ. வேற யாரும் கண் அசந்துருவான். தங்கச்சி தாலிய அறுக்க அண்ணனுக்கு மனசு வருமா?"

அவள் கையில் ஒரு தூக்குவாளி, சோறு கொண்டுவந்தவள். வெளிச்சத்தில் அவள் கழுத்துத் தாலியை எல்லாரும் பார்த்தோம். ராஹிலா அருகில் போய், அண்ணன் இப்போதும் பிடிக்கிறாரா என்று கேட்டாள். நேத்தும் போனாவ, என்றாள் அல்போன்சா.

அந்தக் கல் முதலில் வந்து ஏழு மாதம் ஆகிறது. இது எனக்குத் தெரியாது. வளனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கேட்கவில்லை.

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்து, அவளை மறுபடி சொல்லச் சொல்லிப் புது அட்டை எழுதினேன். அவள் சொன்ன மாதிரியே, திருத்தாமல். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ராஹிலா உரக்கப் படித்துக் காட்டினாள். அல்போன்சா கடைசி வரை கேட்டுவிட்டு, இது யாரு சொன்னதுன்னு அதுல இல்லியே என்றாள்.

கீழே அவள் பெயரை எழுதினேன்.