கீழ்ப்பாத்தி முதலில் கூப்பிடணும்

அன்பு அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். புரியாததைப் புரிந்ததாக எழுத மாட்டேன்.

உன்னோடு ஆராய்ச்சி செய்த நிவேதா அக்கா இன்று மதியம் மரக்காணத்துக்கு வந்தார். சூரியனுக்குள் நடப்பதைப் போல அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்கப் பார்க்கிறீர்களே, அந்தக் கொதிக்கும் பிளாஸ்மா விஷயமாக. அதன் நடுப்பகுதிக்கு ஒரு நிரல், சுவரையொட்டிய ஓரத்துக்கு இன்னொரு நிரல். இரண்டும் சூப்பர் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் உன் வேலை. முடிப்பதற்குள் எங்களை விட்டே போய்விட்டாய்.

"ரெண்டும் கொஞ்ச நேரத்துல அப்படியே நின்னுடுது. எரர்கூட வரல. இந்த வாரம் சரியாகலைன்னா உங்க அக்கா எழுதினத எடுத்துட்டு வேற எழுதிடுவாங்க" என்றார்.

நீ போனதிலிருந்து அம்மா பகலிலும் அணைக்க விடாத உன் மேசை விளக்கின் கீழிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: 'கீழ்ப்பாத்தி முதலில் கூப்பிடணும்.'

"இது என்ன சமையல் குறிப்பா?" என்றார் நிவேதா அக்கா. அம்மா சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

உப்பளத்தில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரைத் திறந்துவிடும் மேல்பாத்தி மடையில் அப்பா, அதை வாங்கும் கீழ்ப்பாத்தியில் அம்மா. மற்றவர் முதலில் குரல் கொடுக்கட்டும் என்று இருவரும் உச்சிவெயில் வரை நின்றார்கள். தண்ணீர் நகரவே இல்லை.

"ஒரு வார்த்த கேட்டா வாய்ல முத்து உதிர்ந்துடுமா அவருக்கு?" என்றாள் அம்மா.

"ஏன், நீ கேக்குறதுதானே?" என்றார் அப்பா.

தண்ணீரை வாங்குகிறவர்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று அன்று நீதான் தீர்ப்புச் சொன்னாய்.

"அக்கா, வெப்பம் எங்கேருந்து எங்க போவுது?" என்று நிவேதா அக்காவிடம் கேட்டேன்.

"நடுவுலேருந்து ஓரத்துக்கு."

"அப்போ ஓரம்தான் கீழ்ப்பாத்தி. ரெண்டு புரோகிராமும் மத்தது பேசட்டும்னு நிக்குதா?"

நிவேதா அக்கா மடிக்கணினியைத் திறந்து வெகுநேரம் படித்தார். "ஆமாம்மா. ரெண்டுமே வாங்கிக்கத்தான் நிக்குது. யாரும் அனுப்பல."

கீழ்ப்பாத்தி கூப்பிடுவதுபோல ஓரத்து நிரல் முதலில் தன் செய்தியை அனுப்பும்படி இரண்டு வரிகளை இடம் மாற்றி, தூரத்திலிருக்கும் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட விட்டார். திரையில் எண்கள் இறங்கத் தொடங்கின. நிற்கவில்லை.

எங்கள் பேச்சைக் கேட்டபடி வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "தண்ணி போவுதா?"

"போவுதுப்பா."

விடை சரியா என்று பார்க்க இன்னும் நாளாகுமாம். ஆனால் உன் பகுதியை எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை யாருக்காக எழுதினாய் அக்கா? உனக்கா, எங்களுக்கா?

அந்த ஓரத்தில் என்னதான் நடக்கிறது என்று ஒருநாள் நானே படித்து உனக்கு எழுதுவேன். இது சத்தியம்.

நிவேதா அக்கா பஸ் ஏறிவிட்டார். அம்மா உன் மேசை விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மலர்