கேர்ட்ரூட் தண்ணீர் குடித்த வாரம்

நீபே,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மைக்கனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் அவரவர் வயதுக்குத் தகுந்தபடி நன்றாகவே இருக்கிறோம், பெர்த்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. பக்கவாதம் வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகாத மனிதருக்குப் படகு எதற்கு, எப்படியாவது பேசி விற்க வைத்துவிடு என்று எழுதியிருந்தாய். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, தனியாக மட்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது, கூட ஒரு ஆள் வேண்டும் என்றார். அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டு ப்ரெபனுக்குக் கோடை முழுவதும் அவன் படகோடு சரி. எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து துறைமுகத்துக் கல்லில் நின்று கையசைத்ததோடு சரி. அதனால் குளிர்காலம் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கட்டும், கை சும்மா இருக்காது, வசந்தம் வந்ததும் தானாக விற்றுவிடுவார் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

படகைப் பற்றிச் சொல்கிறேன். சின்னதுதான், பலகைமேல் பலகை படிய வைத்து ஆணி அடித்த பழைய மரப்படகு, ஒரு பாய். விற்றவருடைய மனைவி பெயரோ யார் பெயரோ, பின்பக்கம் கேர்ட்ரூட் என்று எழுதியிருக்கிறது. பெயரை மாற்றினால் படகுக்கு ஆகாது என்பதில் உன் அப்பா உறுதியாக இருந்தார். ஆக அக்டோபரில் வாங்கி வந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் காபியைக் குடித்துவிட்டு கேர்ட்ரூடைப் பார்க்கப் போய்விடுவார். ரொட்டிக்கடையில் என்னைப் பார்த்து, “கேர்ட்ரூட் எப்படி இருக்கா?” என்று விசாரிக்கிறார்கள், நானும் நல்லா இருக்கா, சுரண்டச் சுரண்ட அழகாயிட்டே வர்றா என்று சொல்லிவிட்டு வருவேன். அவளை ஏற்றி வந்த டிரெய்லர் அவளைவிட மோசம். ஒரு சக்கரம் துருப்பிடித்துச் சுற்றவே மறுத்தது, வலப்பக்கம் திரும்ப விளக்கைப் போட்டால் இடப்பக்கம் மின்னியது. இடது கையால் ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை என்று அவர் சொல்ல மாட்டார், வெளிச்சம் போதவில்லை என்பார். நான் போய் டார்ச்சைப் பிடிப்பேன், பிறகு ஸ்பேனரையும் நானே பிடிப்பேன். இப்போது சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைத்து மாட்ட எனக்குத் தெரியும், உனக்கு வேண்டுமானால் சொல்லித் தருகிறேன்.

படகை நிறுத்தியிருந்த கொட்டகையில் குளிர் எலும்பைத் துளைத்தது. அவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று ஓரத்தில் கிடந்த இரும்பு அடுப்பைத் துடைத்து விறகு போட்டு மூட்டினேன், அவர் சாப்பிட வந்த நேரத்தில்கூட அணைய விடவில்லை. கதகதப்பாக இருந்ததால் சாயங்காலம் நானும் கம்பளிப் பின்னலை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார ஆரம்பித்தேன். அவர் உப்புத்தாள் தேய்ப்பார், நான் கண்ணி எண்ணுவேன், ரேடியோ ஓடும்.

மரப்படகை அனலில் வைக்கக் கூடாது, பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு விட்டுவிடும் என்பது இந்தக் கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் உடம்பு நினைப்பில் மறந்துபோனேன். ஏப்ரலில் ப்ரெபன் வந்து பார்த்தான், பலகைகளின் இடுக்கில் வெண்ணெய்க் கத்தியை விட்டால் உள்ளே போகிறது. “மக்குப் பசை வச்சு அடைச்சிடலாம்” என்றான். உன் அப்பா சத்தமே போட்டுவிட்டார், கெட்டியாக எதையாவது திணித்தால் மரம் ஊறி உப்பும்போது படகின் சட்டமெல்லாம் முறியும், அப்படியே இறக்குவோம், குடிக்க வேண்டியதைக் குடிக்கட்டும் என்றார். படகு கிளப்பில் பருவம் தொடங்கக் கொடி ஏற்றுகிற நாளன்று ஊர் முழுக்கக் கரையில் நிற்க, எல்லார் படகும் வரிசையாக மிதக்க, நம் கேர்ட்ரூட் மட்டும் இறங்கிய வேகத்தில் விளிம்பு வரை நிரம்பிக் கரையோரச் சேற்றில் உட்கார்ந்தாள். “அது படகா, சூப் கிண்ணமா?” என்று ஒருத்தன், “வருசம் பூரா தேச்சு ஒரு குளிக்கிற தொட்டி செஞ்சிருக்காரு” என்று இன்னொருத்தன். எனக்கு முகம் எரிந்தது, அடுப்பை மூட்டிய கை என் கை. ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ப்ரெபனிடம் பேசிக்கொண்டிருந்தார். அடுப்பு வேண்டாம்னு ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்டிருக்க வேண்டும். “தெரியும்டா. பலகை இடுக்கு விரியறத நான் பாக்கலையா? அடுப்ப அணைச்சா அவ கொட்டகைக்கு வரவே மாட்டா. படகு கெடக்கு, தண்ணியில போட்டா ஊறிடும்” என்றார்.

நான் காபியை ஊற்றிக் கொடுத்தேன், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு வாரம் அவள் சேற்றில் கிடந்தாள். பிறகு பலகைகள் தாமாக நெருங்கின, வாளியால் இறைத்துப் போட்டோம், மறுநாள் காலையில் உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர்தான் இருந்தது. பாயைக் கட்டினார், கட்டிவிட்டுப் படகுத்துறையிலேயே நின்றார். என்னைக் கூப்பிடவில்லை, ஒருநாளும் கூப்பிட மாட்டார். நான் வீட்டுக்கு வந்து உன் அலமாரியில் உன்னுடையது ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். “எங்க கெளம்பிட்ட?” என்றார். உங்க கேர்ட்ரூட் உங்கள எங்க கூட்டிட்டுப் போறான்னு நான் பாக்க வேண்டாமா என்றேன். “நடுவுல உக்காரு, ஆடாத” என்றார், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும் பாய்க்கயிறு அவர் இடது கையிலிருந்து நழுவியது, கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். பழைய செங்கல் சூளை வரை போய்த் திரும்பினோம். வழி முழுக்கப் பயமாகத்தான் இருந்தது, வியாழக்கிழமை மறுபடி போனபோதும் பயம் குறையவில்லை.

ஆகையால் படகை விற்கவில்லை. இங்கே கோடை வரும்போது அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொள், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார், சொல்லாவிட்டாலும் அதைத்தான் நினைக்கிறார். ஒன்றை மறந்துவிடாதே. அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டு போன உன்னுடைய ஆரஞ்சு நிற உயிர்காப்பு மிதவைச் சட்டை இடுப்பில் கொஞ்சம் இறுக்குகிறது, ஆனாலும் போதும். ஜூலையில் வரும்போது உனக்கென்று வேறொன்று வாங்கிக்கொண்டு வா, இதை நான் திருப்பித் தருவதாக இல்லை.

உன் அம்மா,
எல்ஸெபெத்