கம்பிக்குக் கீழே தகரம்

ஜெசீகா அப்பா,

உங்கள் ஏணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே கிறுக்குகிறேன். நீங்கள் எழும்புவதற்குள் ஏணியைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவேன்.

மகளுக்கு அறை வேண்டும்தான். அதற்காக லயத்துக் கூரையைக் கரண்ட் கம்பி வரைக்குமா உயர்த்துவது? "தொட்டாத்தானே அடிக்கும்" என்று சிரிச்சீங்க. ஈரத் தகரத்தை நீங்கள் தூக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதாதா? கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன்.

ரொட்டி மூடி வைத்திருக்கிறது. சம்பலுக்கு உப்புப் போட்டுக்கொள்ளுங்க.

கரண்ட் ஆபீஸ்காரர்கள் கம்பிக்கும் கூரைக்கும் இடைவெளி அளக்க இன்றைக்கு வருவார்கள். தேத்தண்ணி கொடுங்க, சத்தம் போடாதீங்க.

– மலர்

இன்னொன்று: கரண்ட் ஆபீஸில் முறைப்பாடு கொடுத்தது பக்கத்துக் காம்பரா கணபதி அண்ணன் என்று நேற்று அவர் சட்டையைப் பிடிச்சீங்களே, பாவம், அவருக்கு ஒன்றுமே தெரியாது. எழுதிக் கொடுத்தது நான்தான்.