முன்னால் ஒரே ஆக்சில்

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

பேச்சிப்பாறை ஊரார் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், செல்வதாஸ் மகன் அபினேஷ் கோயம்புத்தூரில் தன் சட்டையைத் தானே துவைத்துவிட்டான். கிரீஸ் மட்டும் போகவில்லை. உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

“ஈஸ்டருக்குள்ள வேல படிக்கல்லேன்னா, வந்து ரப்பர் வெட்டுலே மக்கா” என்றீர்களே, அந்தக் கத்தியை உறையில் போடுங்கள். இங்கே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு ஜீப்பில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு, உங்கள் எஸ்டேட் ஜீப்பில் இருப்பதுபோல இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆக்சிலை மாட்டினேன். வண்டி ஒரு சாண் உயர்ந்தது. நான் இரண்டு சாண். இன்று பாறைமேட்டில் நானே ஓட்டினேன். ஆடு மாதிரி ஏறியது! “தம்பி, நீ இனி இங்கயே இருந்துக்கப்பா” என்று சொல்லிவிட்டு, முதலாளி அப்படியே சாப்பிடப் போனார்.

அம்மா இடித்த மீன்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே ‘மக்கா’ என்று கூப்பிட ஆளில்லை. அதையும் பார்சலில் வைக்க முடியுமா?

ஒன்று விட்டுப்போயிற்று. ஹாரன் அடித்துக்கொண்டே வண்டியை ஷெட்டுக்குள் விட்டேன். உயர்ந்த பெருமையில் வாசலை அளக்க மறந்துவிட்டேன். ஷட்டர் இப்போது ஜீப்பின் தலையில் தொப்பியாகக் கிடக்கிறது. முதலாளி இன்னும் பார்க்கவில்லை.

அவர் பைக் சத்தம் கேட்கிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அபினேஷ்