இருக்கையும் தூங்கியது

அன்புள்ள அக்காவுக்கு,

சூப்பர்வைசர் காட்டிய வீடியோவில் அம்மாவின் தலை மட்டுமல்ல, பின்னால் இருக்கும் இருக்கையும் ஆடுகிறது. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன்.

பள்ளி வேனில் புதிதாகக் கேமரா வைத்திருப்பதை அம்மா சொல்லியிருப்பாள். ஓட்டுகிறவர் கண் அசந்தால் அது கத்தும், ஆபீசுக்கும் தகவல் போகும். அம்மா ஓட்டும் எங்கள் வேனில் தினமும் கத்துகிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்று அம்மாவுக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நான் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்? அம்மா தூங்கவே இல்லை என்று சொன்னேன். "நீயும் சேந்து தூங்கியிருப்ப" என்றார் சூப்பர்வைசர். ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். அப்படியானால் அந்த இருக்கையும் தூங்கித்தான் விழுந்திருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். கொடுத்துத் தொலை என்று நீயும் சொன்னாயாம். கொடுத்தால் தூங்கியது உண்மை என்றாகிவிடும் அக்கா. அப்புறம் யார் தங்கள் பிள்ளையை அம்மாவை நம்பி ஏற்றுவார்கள்?

கேமரா ஒரு மெல்லிய தகட்டில் நிற்கிறது. வண்டி ஓடும்போதுகூடப் பரவாயில்லை. நின்றபடி எஞ்சின் உறுமும்போது தகடு நடுங்குகிறது, படமும் ஆடுகிறது. கேமரா அதைத் தூங்கி விழுவதாக எடுத்துக்கொள்கிறது. அடியில் பஞ்சு வைத்தேன். இன்னும் மோசமாகத் துள்ளியது. பிறகு பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்துத் திருகை இறுக்கினேன். அதோடு வாயை மூடிக்கொண்டது.

இன்று காலை சூப்பர்வைசர் ரப்பரைப் பார்த்துவிட்டார். கேமராவையே ஏமாற்றுகிறீர்களா என்று பிடுங்கி எறிந்தார். அம்மாவின் முகம் செத்துப்போனது. "எழுதிக் குடுத்துடுறேன் சார்" என்றாள்.

இனி நீ அவளை அப்படிச் செய்யச் சொல்லாதே. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

அம்மா பேனா தேடிக்கொண்டிருந்தாள். நான் அவள் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஞ்சினைப் போட்டேன். போட்டோவுக்குக்கூட நிமிராதவள், கேமராவைக் கண் கொட்டாமல் பார்த்தேன். அது கத்தத் தொடங்கியது. எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். போதும், நிறுத்து என்றார் சூப்பர்வைசர்.

நான் நிறுத்தவில்லை.

இப்படிக்கு,
உன் வாயில்லாப் பூச்சி