நார்மலுக்கு ஆள் வேண்டும்

ஜூன் 9, திங்கள்

மழை இன்னும் வரவில்லை. புழுக்கம். லேபில் ஏசி மெஷின்களுக்கு மட்டும்தான். மனுஷருக்குக் கிடையாது.

காலையில் மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். புது கிட் வந்திருக்கிறது. ரத்தத்தில் டாவ் என்று ஒரு புரதத்தை அளப்பது. அல்சைமர் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே இது ரத்தத்தில் ஏற ஆரம்பிக்கிறது என்று இப்போது ஆராய்ச்சிகளில் சொல்கிறார்கள். முன்பெல்லாம் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். இனி கையில் ஒரு டியூப் ரத்தம் போதும். நோயாளிகளுக்குப் போடும் முன், நன்றாக இருக்கிற நம் ஜனங்களுக்கு இது எவ்வளவு இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஐம்பது தாண்டிய, மறதி என்று குறை சொல்லாத ஆட்கள் தேவை.

என்னிடம் மட்டும் தனியாகத் தமிழில் சொன்னார். மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். "இசக்கி, உங்காத்துக்காரரைக் கூட்டிண்டு வா. நார்மலுக்கு ஆள் போறலை, கேட்டியா."

எந்த லேபிலும் இதுதான் வழக்கம். புது டெஸ்ட் வந்தால் முதலில் நம் கை, அப்புறம் வீட்டுக்காரர் கை, அப்புறம் வாட்ச்மேன் கை. என் ரத்தத்தில் அளக்காத சாமான் இனி ஒன்றும் பாக்கியில்லை.

இவரைவிட நார்மல் எங்கே கிடைக்கும்? வயது ஐம்பத்தேழு, ஒரு நாள் காய்ச்சலென்று படுத்ததில்லை. எலெக்ட்ரீஷியன். மாட்டுங்காவில் பழைய பில்டிங்குகள், இங்கே செம்பூரில் சில அடுக்குமாடி சொசைட்டிகள். எந்த ஒயர் எந்தச் சுவருக்குள் எங்கே வளைகிறது என்பதெல்லாம் மண்டைக்குள். ஒரு போர்டிலும் பெயர் எழுதமாட்டார். எங்கள் வீட்டு ஹால் போர்டிலும் அப்படித்தான், வரிசையாக ஸ்விட்ச், ஒன்றிலும் எழுத்து இல்லை. மகள் பவித்ரா சான்பாடாவிலிருந்து வரும்போதெல்லாம் ஃபேனுக்குப் பாத்ரூம் லைட்டைப் போட்டுவிட்டு அப்பாவைத் திட்டுவாள். "எழுதி வச்சா கத்துக்கிடவே மாட்டிய. என் மண்டைல இருக்குலா, போதும்" என்பார் இவர்.

வாங்க: உளுந்து, நல்லெண்ணெய், குடை (பழையது கம்பி போச்சு).

ஜூன் 11, புதன்

தூறல். குடை வாங்கவில்லை. நனைந்தேன்.

இவர் லேபுக்கு வந்தார். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று ராத்திரியே படித்துப் படித்துச் சொன்னேன். வரும்போதே வாயில் எண்ணெய் வாசனை.

"ஏங்க, என்னத்தத் தின்னுட்டு வாரிய?"

"ஒண்ணுந் திங்கலட்டி. பூரி. கூட ஒரு வடை. அந்த ஓட்டல் வாசல்ல கால் தன்னால நின்னுருது."

"வெறும் வயித்துலன்னு சொன்னேன்லா?"

"அது சுகருக்கு. இது மண்டைக்குத்தான பாக்குதிய?"

ரத்தம் எடுக்கிற ஷிண்டே இவரைப் பார்த்து ஒரே சிரிப்பு. கையெழுத்துப் போடும் தாளை நான் வாசித்துச் சொன்னேன். டியூபில் பெயர் இருக்காது, நம்பர்தான். ரிசல்ட் யாருக்கும் சொல்லப்படாது. இது ஆராய்ச்சிக்கு மட்டும்.

"சொல்லவே மாட்டாவளா? பெறகு எதுக்கு எடுக்காவ?"

"நாளைக்கு நாலு பேருக்கு ஒதவும்."

"அப்பம் சரி. நம்ம மண்டை ஒதவாட்டாலும் ரத்தமாவது ஒதவட்டும்." போட்டார் கையெழுத்து. அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.

டியூப்களைச் சுழற்றி எடுத்தேன். எல்லோருடையதும் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கிறது. ஒன்று மட்டும் மோர் மாதிரி வெள்ளை. பூரி! சிரித்துக்கொண்டே ஃப்ரீசரில் வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

நல்ல மழை. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். டோம்பிவிலிப் பக்கத்து ஆட்கள் யாரும் வரவில்லை. கிட்டை நானே ஓட்டினேன்.

திரையில் எல்லோருடைய புள்ளியும் கீழே கும்பலாக. ஒன்று மட்டும் மேலே, தனியாக.

மேடம் திரையைப் பார்த்து, "அச்சோ, இது யாராத்து நார்மலோ" என்றார். நானும் "ஆமா மேடம்" என்றேன். ரேக்கைத் திரும்பிப் பார்த்தேன். மோர்.

மறுபடி பார்த்தேன். அந்த நம்பர்தான். அந்த ஒரு டியூப்தான் வெள்ளை.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டேன். கொழுப்பு கலந்த ரத்தம் மெஷினை ஏமாற்றும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்க்கிறேன். அதுதான். அதுவாகத்தான் இருக்கும். பூரிச் சனியன்.

வீட்டுக்கு வந்தால் இவர் டிவி முன்னால். "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" மழை என்றேன்.

இதை இங்கேதான் எழுத முடியும். பவித்ராவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கவே அரை நாள் வேண்டும். இவர் என் டைரியைத் தொட்டதில்லை. தொடாமல் இருக்கவேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தினார்.

"நம்பரை நீ தேடியிருக்கப்படாது."

"தேடல மேடம். அதுவா கண்ணுல பட்டுது."

பிறகு மெதுவாகச் சொன்னார். கொழுப்பாக இருக்கலாம், மறுபடி வெறும் வயிற்றில் எடு. அப்படியே இருந்தாலும் இது நோய் என்று அர்த்தமில்லை. இந்த கிட்டுக்கு நம் ஊரில் நார்மல் எதுவரை என்று எல்லையே இன்னும் போடவில்லை. ஏறியிருக்கிறவர்களில் சிலருக்கு மறதி வராமலே போகலாம். வந்தாலும் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

"வந்தா மருந்து இருக்கா மேடம்?"

"வெளிநாட்டுல ஒண்ணு ரெண்டு வந்திருக்கு. கொஞ்சம் மெதுவாக்கும்னு சொல்றா. அதுவும் மறதி ஆரம்பிச்சவாளுக்குத்தான். இப்போ நீ அவர்ட்ட சொல்லி என்ன பண்ணப்போறே? தூக்கம் போறதுதான் மிச்சம்."

சரிதான். தூக்கம் போகிறது எனக்கு மட்டும் போகட்டும்.

சாயங்காலம் முழுக்க இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் தேடினார் (சட்டைப் பையில் இருந்தது). பக்கத்து வீட்டுக்காரரை அவர் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதெல்லாம் எப்போதும் செய்கிறதா, இப்போதுதான் செய்கிறதா? முப்பது வருஷம் கூட வாழ்ந்து இது எனக்குத் தெரியவில்லை. என்ன பொண்டாட்டி நான்.

ஜூன் 18, புதன்

டெஸ்ட் வைத்தேன், இவருக்குத் தெரியாமல். கடைக்குப் போகும்போது வேண்டுமென்றே வாயால் மட்டும் சொன்னேன்: உளுந்து, நல்லெண்ணெய், சீரகம், கறிவேப்பிலை, பல்பொடி, குடை.

எல்லாம் வந்தது. கூடவே தேங்காய்.

"தேங்கா நான் சொல்லலையே?"

"நாளைக்குச் சொதி வைக்கணும்னு நேத்து சொன்னேலா. மறந்துட்டியோ?"

மறந்துதான் போயிருந்தேன். அடுக்களைக்குப் போய் நின்று சிரித்தேன். அப்படியே கொஞ்சம் அழுகையும் வந்தது. என் ரத்தம்தான் அந்தக் கீழ்க் கும்பலில் இருக்கிறது, என்ன லட்சணமோ.

ஜூன் 20, வெள்ளி

போன தடவை எடுத்தது பூரியால் கெட்டுப்போச்சு என்றதும், நேற்றுக் காலை இவர் மறுபடி ரத்தம் கொடுத்தார். இந்தத் தடவை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இன்னைக்கு நீ சொன்ன மாதிரி வந்திருக்கேன், பாத்துக்கோ" என்று பெருமை வேறு. சுழற்றினால் பளிச்சென்று மஞ்சள்.

இன்று ஓட்டினேன். அதே இடம். மேலே, தனியாக.

மேடம் பார்த்தார். நான் பார்த்தேன்.

பிறகு மேடம் ஒன்று சொன்னார். கிட்னி சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் இந்தப் புரதம் ரத்தத்தில் தேங்கும். மூளையில் ஒன்றும் இல்லாமலே ஏறிக் காட்டும். "கிரியாட்டினின் எப்போ பார்த்தது?" பார்த்ததே இல்லை. ஊருக்கெல்லாம் பார்க்கிறேன், வீட்டில் பார்க்கவில்லை.

கிட்னி! ஏன் எனக்குத் தோன்றவில்லை? கிட்னிக்கு மருந்து உண்டு, பத்தியம் உண்டு, டாக்டர் உண்டு. உப்பைக் குறைப்பேன். கருவாட்டை நிறுத்துவேன். ராத்திரி இரண்டு தரம் எழுந்து போகிறார், கால்கூடக் கொஞ்சம் வீங்கின மாதிரித்தான் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது. இன்று பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தாராவிக்குப் போய் அம்மன் கோவிலில் விளக்குப் போட்டேன். நான் பிறந்து வளர்ந்த சந்து இப்போது பாதி அடையாளம் தெரியவில்லை. ஒரே சகதி.

என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதவே கை கூசுகிறது. தாயே, இவருக்குக் கிட்னி கெட்டிருக்கட்டும். இப்படி வேண்டுகிற பொண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்திதான். என் வாயில் மண்ணைப் போட. ஆனால் அதைத்தான் கேட்டேன், திரும்பத் திரும்பக் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி பிள்ளைவரம் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அம்மன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து என்ன நினைத்தாளோ.

வீட்டுக்கு வந்தால் பவித்ரா. ஃபேன் போடுகிறேன் என்று பாத்ரூம் லைட். "பப்பா, ப்ளீஸ், லேபிள் ஒட்டுங்க!" இவர் வழக்கமான மண்டைப் பேச்சைப் பேசவில்லை. எழுந்து போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்தார்.

அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். உடனே போனில் தேடுவாள். தேடினால் வருவதெல்லாம் வரும். சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்டாஃப் குடும்பத்துக்கான செக்கப் என்று சொல்லி இவரைக் கூட்டிப்போய், ரத்தம் எடுத்து, மத்தியானத்துக்குள் ரிப்போர்ட். ஷிண்டே தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், அவருக்கு நான் எப்போதும் பாபி, அண்ணி. "பாபி, கிட்னி ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

கிரியாட்டினின் நார்மல். யூரியா நார்மல். எல்லாமே நார்மல், நார்மல், நார்மல். கொழுப்பு மட்டும் கொஞ்சம் கூட.

"ஸ்வீட் கொடுக்கணும்" என்றார் ஷிண்டே. நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. வெளியே வந்தபோது மேடம் நின்றிருந்தார். தோளில் கை வைத்தார். அவருக்கும் வேறு என்ன தெரியும்? இந்த மெஷினுக்குத் தெரிவதுதான் எங்களுக்கும் தெரியும். அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் சும்மா நிற்கிற ஆட்கள்தான்.

இவர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியில் ஜிலேபி வாங்கினார். "ஒன் லேபு நல்ல லேபுட்டி. நம்மள நூறு வயசு இருக்கும்னுல்லா சொல்லிருக்கு!"

சொல்லக்கூடிய ரிப்போர்ட் கையில். சொல்லக்கூடாதது என் வயிற்றில். ஜிலேபி தின்றேன்.

ஜூன் 26, வியாழன்

தூக்கம் இல்லை. ஒரே ஒரு நினைப்பு. மறந்தால் மறக்கட்டும், என்னை மறந்தாலும் போகட்டும். மாமனாரும் கடைசியில் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டவர்தான். ஆனால் இவர் வேலை கரண்ட்டில். மெயினை ஆஃப் பண்ணினோமா என்று ஒரே ஒரு நாள் மறந்தால்?

"வேலையைக் கொஞ்சம் குறைச்சிக்கிடுங்களேன்" என்று காப்பி கொடுக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.

"ஏன், ரிப்போர்ட்டுதான் நல்லாருக்கே?"

காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். துவரம்பருப்பில் வண்டு விழுந்திருக்கிறது. வெயிலில் போட வெயில் இல்லை.

ஜூன் 28, சனி

மழை விட்டது. துணி காய்ந்தது. பருப்பையும் காய வைத்தேன்.

சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து, பையிலிருந்து ஒரு வெள்ளை டேப் சுருளும் கறுப்பு மார்க்கரும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கும்லா. கொஞ்சம் பேரு எழுதித் தா."

"எதுக்கு?"

"போர்டுல ஒட்டத்தாம்."

"எந்த போர்டு?"

"எல்லா பில்டிங்குக்கும்."

நான் மார்க்கரை எடுக்கவில்லை. இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பாமலே பேசினார்.

"நேத்து மாட்டுங்கால ஒரு மெயினை ஆஃப் பண்ணுனேன். அது வேற வீட்டுது. கைவைக்கப் போன ஒயர்ல கரண்டு ஓடுது. டெஸ்டர் வச்சேன், தப்பிச்சேன்." சட்டையை ஆணியில் நேராக இழுத்துவிட்டு, "ஒரு தடவ இல்லட்டி. கொஞ்ச நாளாவே அப்பிடித்தாம் இருக்கு. வயசாகுதுலா. பவித்ராட்ட சொல்லிராத."

சொல்லமாட்டேன் என்றேன்.

பில்டிங் பில்டிங்காகச் சொன்னார். இந்தியில் எழுதச் சொன்னார், வாட்ச்மேன்களுக்கும் புரியவேண்டுமாம். பம்ப். லிஃப்ட். மாடிப்படி லைட். எழுதி எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். டேப் முடிகிற மாதிரி வந்தபோது, "இரு, நம்ம வீட்டுக்கும் எழுதிரு. அதுக்குத் தமிழ்ல எழுது" என்றார்.

எழுந்து ஹால் போர்டின் முன்னால் போய் நின்றார். நான் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் ஸ்விட்சைப் போட்டார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஃபேன்."

எழுதினேன். அடுத்ததைப் போட்டார். ஹாலில் ஒன்றும் எரியவில்லை. போய் பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.